ஓசூர் அருகே என்று எழுதிய கை

இன்று காலை ஏழு மணிக்கு டயர் எரியும் வாடை வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடிப்போய்த் தெருக்கதவைத் தாழிட்டேன். அடுத்து ஜன்னல்களைச் சாத்தினேன். அப்புறம்தான் வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. தாழை நீக்கி வெளியே போய் அதை உள்ளே தள்ளிவந்து, நம்பர் பலகை சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். கேஏ என்று தொடங்கும் கர்நாடகப் பலகை. உன் வண்டிதான். நீ இறந்த பிறகு உன் மனைவி என்னிடம் கொடுத்தது.

எனக்கு வயது அறுபத்து நான்கு. வாழ்நாள் முழுக்கப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். ஆனாலும் அந்த வாடை வந்தால் முதலில் கதவைத்தான் தாழிடுகிறேன். கைபேசியை எடுத்தால், அதற்குள் யாரோ அனுப்பியிருந்தார்கள்: ‘ஓசூர் அருகே பதற்றம்?’ கூடவே கரும்புகையின் படம். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. நாங்களும் அதைச் செய்தவர்கள்தான்.

அந்த முதல் இரண்டு சொற்களை உனக்குப் பிடிக்காது. எத்தனை தரம் சண்டை போட்டிருப்பாய். உன் போட்டோ ஸ்டூடியோவுக்குள் நான் நுழையும்போதே பேப்பரைத் தூக்கிக் காட்டுவாய். “ராயக்கோட்டைப் பக்கம் லாரி கவுந்தா ஓசூர் அருகே. அஞ்செட்டில யானை வந்தா ஓசூர் அருகே. எவனோ எவனையோ வெட்டிட்டு வந்து ஏரியில போட்டா ஓசூர் அருகே. நல்ல கம்பெனி ஒண்ணு வந்தா மட்டும் பெங்களூரு அருகே. ஏம்பா ரிப்போர்ட்டரே, நம்ம ஊரு உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?”

நான் எப்போதும் சொல்லும் பதில் ஒன்றுதான். சென்னையில் செய்தியைத் திருத்துகிறவர்களுக்கு நம் பக்கத்துக் கிராமங்களின் பெயர் தெரியாது. எழுதினாலும் வெட்டிவிடுவார்கள். நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் எது நடந்தாலும் ஓசூர் அருகே என்று கொடுத்தால் கேள்வி வராது. அது என் தொழில் சுளுவு. கை தானாக எழுதும்.

ஊரைக் கேலி செய்கிறவர்களிடம் நான் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். “ஓசூருங்களா, அங்க போக பாஸ்போர்ட் வேணுமா சார்?” என்று சென்னையில் கேட்பார்கள். சிரிப்பேன். நீ அப்படியில்லை. ஒருமுறை கிருஷ்ணகிரியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெளியூர் நிருபர் ஒருவர் சொன்னார்: “ஓசூர்க்காரன்கிட்ட எந்த ஊருன்னு கேட்டா, வந்த ஊரைத்தான் சொல்லுவான். அங்க எவனுக்குமே அது சொந்த ஊரு கிடையாது.” நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். “எனக்குச் சொந்த ஊருதான் சார். எங்கப்பனுக்கும் அதான். வீட்ல தெலுங்கு, கடையில தமிழு, சந்தையில கன்னடம். மூணுலயும் திட்டத் தெரியும். உங்களுக்கு எதுல வேணும்?”

அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நீயே ஒத்துக்கொண்டாய். வேலைக்கு வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உன் கடைக்குத்தான் வருவார்கள். கம்பெனி அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டும். விருதுநகர்க்காரனுக்கும் திருவாரூர்க்காரனுக்கும் உன்னிடம் இருந்தது ஒரே ஒரு நீலக் கோட்டு, முடிச்சுப் போட்டே மாட்டியிருக்கும் ஒரே ஒரு டை. ஒல்லியாக இருந்தால் முதுகுப் பக்கம் துணிக் கிளிப் போட்டுப் பிடிப்பாய். “இவனுங்களுக்கு ஊரு பிடிக்கிற வரைக்கும் வந்த ஊரைச் சொல்லட்டும். பொண்டாட்டியக் கூட்டினு வந்து குடும்பப் போட்டோ எடுக்கும்போது கேட்டுப் பாரு, ஓசூரும்பானுங்க.”

அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் சுற்றிவளைத்துக்கொண்டிருக்கிறேன். பயம்தான் காரணம்.

ஆற்றுத் தண்ணீர் விவகாரத்தில் கர்நாடக எல்லையை மூடிய நாள். இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் பெட்டியைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு எல்லையை நடந்தே கடந்தார்கள். நீயும் நானும் உன் ஸ்கூட்டரில் எல்லையை ஒட்டிய ஜூஜூவாடி வரைக்கும் போய் நின்றோம். எதிர்ப்பக்கம், வெகு தூரத்தில், புகை எழும்பியது. தமிழ்நாட்டு லாரி ஒன்று எரிகிறது என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். நான் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “ஓசூர் அருகே தமிழக லாரிக்குத் தீ வைப்பு.”

நீ என் தோளைத் தொட்டாய். “அது அந்தப் பக்கம்ல எரியுது?”

“அப்படிச் சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்.”

வண்டியைத் திருப்பினாய்.

நாம் ஊருக்குள் வருவதற்குள் என் வாக்கியம் நமக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டிவியில் ஓடியது, கைபேசிகளில் ஓடியது. உன் கடை இருக்கும் சந்தில் இருபது பேர் இருப்பார்கள். நடுவில் ஒரு குட்டியானை லோடு வண்டி, கேஏ நம்பர், பாதி முட்டைக்கோஸ் ஏற்றியபடி. ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றியிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், வண்டி ஓடாமல் நிற்கும்போதே.

“ஓசூர் அருகேன்னு போட்டுக்கிறான் பாரு. ஊருக்குள்ளயே பூந்து எரிச்சிட்டானுங்க. நாம பாத்துனு இருக்கணுமா?” என்று ஒருவன் படித்துக் காட்டினான். என் சொற்கள். ஓர் எழுத்து மாறவில்லை. வேறொருவன் கையில் பெட்ரோல் பாட்டில். அதன் மூடியைக் கழற்றியிருந்தான்.

பயத்தில் நான் ஸ்கூட்டரை விட்டு நகரவில்லை. உனக்கும் பயம்தான்; வண்டிச் சாவியை எடுக்க இரண்டு தரம் தடவினாய். ஆனாலும் கூட்டத்துக்குள் நுழைந்து, கண்ணாடியைத் தட்டி, சலிப்போடு தெலுங்கில் கேட்டாய்: “ஏமி பாவா, தின்னாவா லேதா?” என்ன மச்சான், சாப்பிட்டியா இல்லியா என்று.

அந்த மனிதர் உன்னைப் பார்த்தார். ஒரு நொடி. கண்ணாடி இறங்கியது. “இங்கா லேது பாவா.” இன்னும் இல்லை மச்சான் என்று.

நீ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாய். “எங்க அக்கா வூட்டுக்காரருப்பா. என் வண்டியும் கேஏ நம்பர்தான், இதோ நிக்குது. நம்ம ஊர்ல பாதிப்பேரு வண்டி வாங்குனதே அங்கதான். எல்லாத்தையும் கொளுத்துவீங்களா?”

“அக்கா புருஷனா? நான் பார்த்ததில்லையே” என்றான் பாட்டில்காரன்.

உனக்கு அக்கா கிடையாது. அது எனக்குத் தெரியும். உன் கடைக்கு எதிரே பூ விற்கும் அம்மாவுக்கும் தெரியும். அவர் கட்டிக்கொண்டிருந்த சாமந்திச் சரத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “நீ எப்ப இந்தத் தெருவுக்கு வந்த, பாக்குறதுக்கு? போன பொங்கலுக்கு வந்து எங்கிட்ட கடன் சொல்லிப் பூ வாங்கினு போனவரு. பாட்டில மூடு, என் பூ மேல ஊத்திடாத.”

யாரோ சிரித்தார்கள். பாட்டிலை மூடினான். அப்போதுதான் படித்துக் காட்டியவன் என்னைப் பார்த்தான். “ரிப்போர்ட்டர் சார், நீங்களே சொல்லுங்க. எரிஞ்சது எங்க?”

“எல்லைக்கு அந்தப் பக்கம். ரொம்ப தூரம்.”

“அப்ப ஓசூர் அருகேன்னு யார் சார் போட்டது?”

நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். “மெட்ராஸ்ல யாராச்சும் போட்டிருப்பாங்க” என்றேன்.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முழுதாகப் போகவில்லை, ஓரிருவர் சந்து முனையிலேயே நின்றார்கள். நீ ஓட்டுநரைக் கடைக்குள் கூட்டிப்போய், நீலக் கோட்டையும் டையையும் மாட்டி ஸ்டூலில் உட்காரவைத்தாய். விளக்குகளைப் போட்டாய். கடையை எட்டிப் பார்க்கிறவனுக்கு இன்னொரு கம்பெனி ஆள் போட்டோ எடுத்துக்கொள்வதாகத் தெரியும். “கொஞ்சம் நிமிருங்க பாவா. சிரிங்க.” அவரால் சிரிக்க முடியவில்லை. சந்து முனை காலியாகும்வரை நீ வெறும் பிளாஷைத் தட்டிக்கொண்டே இருந்தாய். ஒரு படமும் எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருந்தேன்.

மறுநாள் வழி திறந்ததும் அவர் போனார். நம் ஊரைக் கேலி செய்கிறவர்கள் வாயை அடைக்க அதைவிட நல்ல செய்தி எனக்குக் கிடைத்ததில்லை. எழுதுகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றாய். “எழுதினா அந்தம்மா பொய் சொன்னது தெரிஞ்சிடும். நாளைக்கு இதே சந்துல அவங்க கடை போடணும். ஊரு பேரு கெட்டாலும் பரவால்ல, ஆளு நல்லா இருக்கட்டும்.” கொஞ்ச நேரம் கழித்து, லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: “இனிமே எடத்த முழுசா எழுதுப்பா.” என் பொய்யைப் பற்றி நீ பேசியது அவ்வளவுதான். கடைசிவரை அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு செய்தியிலும் கிராமத்தின் பெயர், எந்தச் சாலை, எந்தப் பக்கம் என்று எழுதினேன். பாதியை வெட்டினார்கள். மறுபடி எழுதினேன்.

உன் மூன்றாம் வருடத் திதி முடிந்ததும் சாமல்பட்டிக்குப் போனேன். பூக்கார அம்மா இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்டேன். நிலக்கடலையை உடைத்துக்கொண்டே வெகு நேரம் யோசித்தார். “எழுதிக்கோ சாமி. என் பேரு வாணாம். பேரன் ஓசூர்லதான் கம்பெனியில இருக்கான். அந்த மாதிரி நாளு திரும்பி வராதுன்னு யாரு சொன்னா?” பிறகு கேட்டார், “அன்னிக்கு அப்படிப் போட்டது யாருன்னு தெரிஞ்சுதா?”

அவரிடமும் நான் சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இன்று காலை, தாழைத் திறக்கச் சிறிது நேரம் ஆனது. உன் ஸ்கூட்டரை வெளியே எடுத்து, வாடை வந்த பக்கமாக ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே கூட்டம் நிற்கும் என்றே நினைத்தேன். உள்வட்டச் சாலை ஓரத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. பின்னால் குப்பையோடு டயர்களும் பற்றிக்கொண்டு புகைந்தன. இரண்டு பேர் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஒன்றுமில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்தார். இடத்தைச் சொன்னேன். “சார், அவ்வளவு நீளமா வேணாம். ஓசூர் அருகேன்னு போட்டுக்கறேன்.”

“வேணாம்மா. எந்தச் சாலை, எந்தக் கடைக்குப் பின்னால, எல்லாம் போடுங்க. குப்பை எரிஞ்சுதுன்னு போடுங்க.”

“எதுக்கு சார் இவ்வளவு? யாரு படிக்கப்போறா?”

சாலை ஓரத்தில், உன் வண்டியின் கேஏ பலகை எல்லாரும் பார்க்கும்படி நின்றுகொண்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அன்று என்னிடம் கேட்டவனுக்கும், சாமல்பட்டியில் கடலை உடைத்தவருக்கும், உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒருமுறை அப்படிப் போட்டு ஒரு மனுஷன் எரிஞ்சிருப்பாரும்மா. போட்டது நான்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “சாலைப் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.