அம்மாவின் சைக்கிளும் நண்டு இரும்பும்

மே 5, செவ்வாய்

வெயில். காக்காயே குடை கேட்கும்.

அம்மா மில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு முட்டை போட்டுவிட்டு வந்தாள். (கோழி போட்டது, அம்மா கொண்டுபோய்ப் போட்டது.) முகம் சரியில்லை. சைக்கிளின் இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்'கென்று நழுவுகிறது. வேகத்தடையில் நழுவி, மேல் அட்டை முழுக்க ஆம்லேட். மெஸ் அக்கா சொன்னாராம்: "இன்னொருக்கா உடைசல் வந்துச்சுன்னா முட்டை டெம்போக்காரங்ககிட்டயே வாங்கிக்கறமுங்க."

அந்த மெஸ் போனால் எங்களுக்கு வேறு பெரிய வாடிக்கை இல்லை. அடுத்த நடை வெள்ளிக்கிழமை. சைக்கிள் கடைக்காரரோ கோயில் நோம்பிக்கு எருமப்பட்டி போய்விட்டார். கடையில் பூட்டு.

"சைக்கிளுக்கு மூட்டுவலிம்மா, தைலம் தேய்ப்போம்" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மே 6, புதன்

பெடல் தண்டை அச்சோடு பிடித்திருப்பது சுண்டுவிரல் அளவு இரும்பு. பெயர் காட்டர் பின். அது தேய்ந்துதான் ஆட்டம். நட்டைக் கழற்றி, சுத்தியலால் ஓங்கிப் போட்டேன். பின் வரவில்லை. முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. இனி நட்டும் ஏறாது. நேற்று ஓட்டவாவது முடிந்தது.

அம்மா: "ஏஞ்சாமி, ஆடிட்டு இருந்ததப் படுக்கவே வெச்சுட்டயா?"

திட்டியிருக்கலாம். சோறு இறங்கவில்லை. தோசை இறங்கியது.

என் வகுப்பு யூசுப் (இனி யூ.) போனில். அவன் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) பழைய இரும்புக் கடை. "டேய், ஏதோ சைக்கிள் கடையோட பழைய சாமானு ஒரு பொட்டி வந்து கெடக்குது. உருக்கப் போறதுக்குள்ள கொண்டாரேன்."

மே 7, வியாழன்

பெட்டியைக் கவிழ்த்தோம். பாதி சாமானுக்குப் பெயர் தெரியாது. ஒவ்வொன்றாகச் சைக்கிளில் வைத்துப் பார்த்தோம்.

- உடற்பயிற்சிக் குண்டு மாதிரி ஒன்று. இரண்டு தலையிலும் சுற்றி ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. சீட் நட்டு, சக்கர நட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது!
- பிஸ்கட் கனத்தில் ஸ்பேனர். வீட்டு ஸ்பேனர் நுழையாத சக்கர இடுக்கில் நுழைந்து உட்கார்ந்தது.
- வெட்டு வெட்டாக வட்டப் பொத்தான். ஸ்போக் முறுக்க.
- நண்டுக் கொடுக்கு. தடித்த இரும்பு. ஒரு பக்கம் திருகு, எதிர்ப்பக்கம் குழி.

யூ.: "பல்லு புடுங்கறதுடா."

நான்: "யானைக்கா?"

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். சும்மா பெடல் தண்டு பக்கம் கொண்டுபோனேன். திருகின் முனையும் பின்னின் முனையும் ஒரே தடிமன். எதிர்க்குழியில் பின்னின் தலை விழ அளவாக இடம்.

காளானை அரத்தால் ராவி எடுத்தேன். நண்டை மாட்டித் திருகினேன். ஒன்றுமில்லை. இன்னும் திருகினேன்.

"விட்றா, ஒடஞ்சிரும்."

இன்னும் கொஞ்சம். 'டிக்'.

காட்டர் பின் நண்டின் குழிக்குள் வந்து படுத்திருந்தது. சுத்தியல் இல்லை, சத்தம் இல்லை. கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. இந்த ஒரு பின்னுக்காக யாரோ உட்கார்ந்து இத்தனை யோசித்திருக்கிறார். கிண்டல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எனக்கே!

ஹார்டுவேர் கடையில் புதுப் பின். தட்டை முகத்தை ராவி, அதே நண்டால் அழுத்தி ஏற்றினோம்.

யூ.: "நண்ட நீயே வெச்சுக்க. அத்தா கேட்டா பொந்துக்குள்ள ஓடிருச்சுங்கறேன்."

மே 8, வெள்ளி

மூட்டம். அம்மா முன்னால், நான் பின்னால் ஓட்டம். அன்று பெடல் நழுவிய அதே புதுச்சத்திரம் வேகத்தடையில் கண்ணை மூடிக்கொண்டேன். 'டொக்' இல்லை.

மெஸ் அக்கா ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி அடியில் பார்த்தார். "ஏனுங்க, இன்னிக்கு ஒன்னுகோட ஒடையலீங்களே?"

"பையன் ரிப்பேர் பண்ணுனானுங்க."

"அப்ப திங்கக்கெழமயும் கொண்டாந்துருங்க."

திரும்பும்போது காலி அட்டைகள், இறக்கம். அம்மா நாலு மிதி மிதித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டாள். நிதானமாக முந்தானையை இழுத்துச் செருகினாள். சைக்கிள் கோடு போட்டது போல நேராகப் போகிறது. என் அம்மாவுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது. நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

"ஓரமா நில்லு சாமி, எதுத்தாப்புல லாரி வருது!"

அப்போதும் கையை வைக்கவில்லை.