இரண்டாவது சரணம் பாக்கி

பாட்டு இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காத என் அண்ணன் ஏழுமலைக்கு,

உன்னைக் கடல் கொல்லவில்லை. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கொன்றார். குப்பத்துக்கென்று சர்க்கார் கொடுத்த ரேடியோவைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டு, புயல் சேதி வந்த நேரத்தில் குமிழைத் திருப்பச் சொல்லிக் கொன்றார்.

அவர் பெயரைப் போட்டால் இதை அச்சில் ஏற்ற முடியாது என்று பத்திரிகைக்காரர் சொல்லிவிட்டார். போடாவிட்டால் என்ன? மாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்த மீன்காரியைக் கேட்டாலும் சொல்வாள். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகிறது. அவருடைய சின்ன மகன் தொடர்கதைக்காக வாங்குகிறான். அதனால்தான் இதில் எழுதுகிறேன். நீ படிப்பாயோ இல்லையோ, அவர்கள் படிக்கட்டும்.

வருஷம் திரும்பிவிட்டது அண்ணா. கருவாடு காயப்போடும் களத்தில் இப்போது பாட்டு கேட்கிறது. ரேடியோ திரும்ப வந்துவிட்டது. ஆனால் நீ திருப்பி வைத்துவிட்டுப் போன ஒலிபெருக்கிக் கொம்பு அப்படியே பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை.

நீ மரமேறி அதைத் திருப்பிய நாள் நினைவிருக்கிறதா? அதற்கு முன் கொம்பு ஆண்கள் சீட்டாடும் பக்கம் பார்த்திருந்தது. குப்பத்துக்கு வந்த மின்சாரமே அந்த ரேடியோ அறைக்கும் அதன் வாசல் விளக்குக்கும்தான். விளக்கும் அவர்களுக்கு, பாட்டும் அவர்களுக்கு. நாங்கள் வெயிலில் உட்கார்ந்து மீனைக் கிழித்து உப்பு அடைத்துக்கொண்டு, காற்று கொண்டுவந்து போட்டதை மட்டும் கேட்போம். பல்லவி வரும், சரணம் போய்விடும்.

“பொட்டைங்களுக்கு எதுக்குடா பாட்டு?” என்று கீழே நின்று மாரி மாமா கத்தினார்.

“உப்பு போடற கை கொஞ்சம் தாளமும் போடட்டும் மாமா” என்று நீ மேலே இருந்து சொன்னாய்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு பாட்டை முழுசாகக் கேட்டேன். ரயில் கிளம்பும் சத்தத்தோடு ஆரம்பிக்கும் பாட்டு. அதன் பிறகு எத்தனை பாட்டு. பாடுகிறவள் நடுவில் சிரித்துவிடும் பாட்டு ஒன்று. இரண்டு சரணத்துக்கு நடுவில் கித்தாரும் டிரம்மும் போட்டு, வார்த்தையே இல்லாமல் வெறும் வாத்தியமாக ஓடும் பாட்டு ஒன்று. அதைக் கேட்டால் தேசம்மா அத்தைக்குத் தோள் தானாக ஆடும். அவளுக்கு அந்தச் சிரிப்புப் பாட்டின் மேலும் பைத்தியம்.

“டேய் ஏழுமல, அந்த சிரிக்கிறவளைப் போடச் சொல்லுடா.”

“நான் சொன்னா போடுவானா அத்த? பாட்டு போடறவன் சிலோன் ரேடியோவுல கீறான்.”

“கடலுக்கு அந்தாண்டதானே கீறான். கத்திச் சொல்லு.”

நீ கத்தவில்லை. கார்டு எழுதினாய். ஒன்று போய்ச் சேரவில்லை, இன்னொன்றும் போய்ச் சேரவில்லை. பிறகு ஒரு நாள் சாயங்காலம், அறிவிப்பாளர் நம்ம குப்பத்தின் பெயரைச் சொல்லி, மகாபலிபுரம் வழி என்று சொல்லி, ஏழுமலை, தங்கை அஞ்சலை, தேசம்மா அத்தை என்று களத்தில் இருந்த அத்தனை பெண்களின் பெயரையும் வரிசையாகப் படித்தார். அதன் பிறகு பாட்டு வந்தது. யாருக்கும் பாட்டு காதில் விழவில்லை. “எம் பேரு கடல் தாண்டிப் போயி திரும்பி வந்துச்சிடி” என்று தேசம்மா அத்தை அரிவாள்மணையை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். ரேஷன் அட்டையில் கூட அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதாத நாடு இது. அன்றைக்கு அவள் பெயரை ஒருவர் மரியாதையோடு உச்சரித்தார்.

அதுதான் தலைவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் புல்லட்டில் வந்து இறங்கினார். அறை வாசலில் நின்றுகொண்டே உன்னைக் கேட்டார்:

“ஏண்டா, சர்க்கார் ரேடியோ குடுத்தது பொயல் சேதி கேக்கவா, உங்க வூட்டுப் பொம்பளைங்க பேரை ஒலகத்துக்கு ஏலம் போடவா?”

“பொயல் சேதியும் கேக்கறோம் தலைவரே. போன மழைக்கு நாங்க உசிரோட கீறதே இதாலதான்” என்றாய்.

பொய்யில்லை. அந்த வருஷம் கடல் எண்ணெய் மாதிரி கிடந்த ஒரு மத்தியானம், சென்னை ஸ்டேஷன் பாட்டை நடுவில் நிறுத்திச் சேதி சொன்னது. நீ சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டுக் கரை நெடுக ஓடினாய். இறங்கப்போன கட்டுமரங்களைக் கயிறு பிடித்து இழுத்தாய். உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள் பொழுது சாயும்போது மரங்களைத் தூக்கி மேட்டில் கட்டினார்கள். அதற்குப் பிறகு குப்பத்தில் அது ஒரு சட்டமே ஆகிவிட்டது. கொம்பு கத்தினால் மரத்தை இறக்காதே. கொம்பு சும்மா இருந்தால் கடலும் சும்மா இருக்கும். சின்னப் பிள்ளைகள் கூட சொல்வார்கள்.

தலைவர் கையை நீட்டினார். “அப்ப சேதிக்கு மட்டும் நாங்களே வந்து தொறந்து போடறோம். பாட்டுக்கு இல்ல. சாவியக் குடு.”

கொடுத்தாய். நான் இன்றைக்கும் அதை நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். கடலைப் பார்த்துப் பயப்படாதவன், வெள்ளை வேட்டியைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தாய்.

கதவில் பூட்டு தொங்கியது. மேலே கொம்பு நின்றது. ரேடியோ உள்ளே இருக்கிறது என்றுதான் குப்பம் முழுக்க நினைத்தோம். புயல் என்றால் வந்து திறப்பார்கள், கொம்பு கத்தும். கத்தவில்லை என்றால் புயல் இல்லை. அதை நம்பித்தான் அந்த மழைக்காலம் முழுக்க நீங்கள் மரம் இறக்கினீர்கள்.

உனக்குத் தெரியாத சேதி இனிமேல்தான். புயல் வந்த அன்றைக்கு நீ சாப்பிட்டுவிட்டு வலையைத் தூக்கியபோது நான் ஊருக்குள் மீன் விற்கப் போயிருந்தேன் இல்லையா? கடைசியாகத் தலைவர் வீட்டுப் புறக்கடை. காலையில் அவர்களுக்குக் கொடுத்த வஞ்சிரத்துக்குச் சில்லறை தரவில்லை, கேட்டு வாங்கக் கூடையோடு நின்றேன். உள்ளே பாட்டு கேட்டது. அந்தக் கித்தார் பாட்டு. முதல் சரணம் முடிந்து, ஆளில்லாமல் வாத்தியம் மட்டும் ஓடும் இடம். எட்டிப் பார்த்தேன்.

கூடத்தில், பின்னல் துணி விரித்த மேசை மேல், நம்ம ரேடியோ.

எப்படித் தெரியும் என்று பின்னால் விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாதா? குமிழ் உடைந்தபோது நீ வலையின் மிதவைக் கட்டையைச் செதுக்கி ஒரு குமிழ் பொருத்தினாயே. உலகத்தில் வேறு எந்த ரேடியோவுக்கு மிதவைக் கட்டையில் குமிழ் இருக்கும்? அவருடைய சொந்த ரேடியோவைப் பெரிய மகள் சீரோடு எடுத்துப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருந்ததாம். குப்பத்து ரேடியோ வந்துவிட்டது.

வாத்தியம் அறுந்தது. ஒரு ஆண் குரல் வந்தது. வங்கக் கடல், பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்.

தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இன்னாடா நடுவுல பேசிகினு கீறான். சிலோனுக்குத் திருப்பு” என்றார். சின்ன மகன் நீ செதுக்கிய குமிழைப் பிடித்துத் திருப்பினான்.

“ஐயா, அது பொயல் சேதி ஐயா. குப்பத்துக்கு ஆள் அனுப்புங்க” என்றேன்.

அவர் மனைவி, “வாசப்படி தாண்டாதடி, வூடெல்லாம் கவுச்சி” என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வஞ்சிரத்தின் முள்ளை வாயிலிருந்து எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். “சாப்ட்டுகினு இருக்கேன் இல்ல. கை கழுவிட்டு அனுப்பறேன்.”

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். சவுக்குத் தோப்பு வழியாக ஓடினேன், முள் ஏறியது தெரியவில்லை. கரைக்கு வந்தபோது நீங்கள் அலை முறியும் இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். தாவணியை அவிழ்த்து வீசினேன், தொண்டை கிழியக் கத்தினேன். நீ திரும்பிப் பார்த்தாய். துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினாய்.

வழியனுப்ப வந்தேன் என்று நினைத்தாயா அண்ணா? அல்லது ஏதோ பாட்டுக்கு ஆடுகிறேன் என்றா?

இருட்டு கட்டியதும் காற்று வந்தது. மற்ற மரங்களைக் கடல் தெற்கே கொண்டுபோய் ஒதுக்கியது. உன் மரத்தில் உன்னோடு போன மாரி மாமா மறுநாள் நடந்து வந்தார். நீ வரவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். மாரி மாமா கைகட்டி நின்று, “கொம்பு கத்தல ஐயா. அதான் எறங்கினோம்” என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும், கேட்கத் தெரிந்தவனுக்கு. தலைவர் அவரை முந்திக்கொண்டு பேசினார். “ரேடியோ ரிப்பேருக்குப் போயிருந்துச்சிங்க. இவனுங்க சினிமாப் பாட்டு வெச்சி வெச்சிப் பாழாக்கிட்டானுங்க. பாட்டாலதாங்க செத்தான்.” நான் கூடம், மேசை, குமிழ் எல்லாம் சொன்னேன். “அண்ணன் போன துக்கத்துல பொண்ணு உளறுது” என்றார். அதிகாரி இளநீர் குடித்துவிட்டு ஜீப் ஏறினார்.

அடுத்த வாரம் ரேடியோ அறைக்குத் திரும்பியது. குமிழ் மட்டும் கடையில் வாங்கிய புதுசு, கறுப்பாகப் பளபளத்தது. பார், ரிப்பேர் செய்திருக்கிறோம் என்றார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கடலம்மா எடுத்துக்கொண்டாள் என்றார்கள். கடல் மேல் பழி போடுவது சுலபம். கடலுக்கு ஓட்டு இல்லை, நிலமும் இல்லை. அழு, மனசு ஆறும் என்றார்கள். எனக்கு மனசு ஆற வேண்டாம். ஆறினால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

இப்போது அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று சொல்கிறேன், கேள்.

நம்ம பெண்கள் யாரும் அந்த வீட்டுக்கு மீன் கொடுப்பதில்லை. “அவன் வூட்டு சட்டியில நம்ம மீனு கொதிக்கக் கூடாது” என்று தேசம்மா அத்தை களத்தில் வைத்துச் சொன்னாள், அவ்வளவுதான். மாரி மாமா அந்த வீட்டுக்கு ரகசியமாக இறால் கொடுக்கப் போய்ப் பெண்களிடம் மாட்டினார். அந்த அவமானத்தை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். மீன் இல்லாமல் சோறு இறங்காத தலைவர் ஆளை விட்டுத் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஐஸ் மீன் வாங்கிவரச் சொல்கிறார். வந்து சேரும்போது கண் வெளுத்திருக்கும்.

அது அவர் வயிற்றுக்கு. காதுக்கு நான் இருக்கிறேன்.

தினமும் கூடையோடு அந்தத் தெருவில் போகிறேன். தெரு முனையில் கித்தார் பாட்டைத் தொடங்குவேன். பல்லவி, முதல் சரணம், பிறகு வாத்தியத்தை வாயாலேயே. அவர் வாசலுக்கு நேராக வந்ததும், எந்த இடத்தில் அன்று அறுந்ததோ அந்த இடத்தில் நிறுத்துவேன். நிற்பேன். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போவேன்.

முதலில் நாயை விட்டார்கள். நாய்க்கு நம்ம கூடை வாசனை பழக்கம், வாலாட்டியது. பிறகு ஒரு நாள் தலைவர் மனைவி ஜன்னலைத் திறந்தாள்.

“ஏண்டி, பாடறதா இருந்தா முழுசா பாடு. இல்ல வாயை மூடிகினு போ.”

“மீதி உங்க வூட்டு ஐயாவாண்டதாம்மா கீது. அவருதான் திருப்பச் சொன்னாரு” என்றேன்.

தெரு முழுக்கக் கேட்டது. இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் கூட அந்தப் பாட்டை அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். பஸ்ஸில் சின்ன மகன் ஏறினால் பின்சீட்டில் யாராவது தொடங்குவார்கள், சட்டென்று நிறுத்துவார்கள். அவனுக்குப் பெண் கொடுக்க வந்த செய்யூர்க்காரர் டீக்கடையில், “இந்த ஊர்ல ஏன் பாட்டை எல்லாரும் பாதியில நிறுத்தறீங்க?” என்று கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். செய்யூர்க்காரர் அதோடு திரும்பி வரவில்லை. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துச் சந்தோஷம். அந்த வீட்டை நினைத்து அதைவிடச் சந்தோஷம்.

போன வாரம் தலைவர் ஒரு ஆளை அனுப்பினார். ரேடியோ அறைக்கு வெள்ளையடித்து உன் பெயரை எழுதுகிறார்களாம். அம்மாவுக்கு மேடையில் புடவை கொடுக்கிறார்களாம். நான் பாடுவதை மட்டும் விட வேண்டுமாம். அம்மா வலைக்கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “செவுத்துல எழுதற பேரு அடுத்த மழைக்குப் பூடும். எம் புள்ள செதுக்கின கட்டைக் குமிழு ஒண்ணு அவர் வூட்ல கீது. அதைக் குடுத்துட்டு, எங்க இருந்துச்சின்னு நாலு பேர் எதிர்ல சொல்லச் சொல்லு” என்றாள். வந்தவன் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது அண்ணா. நாங்கள் கேட்டு வாங்கவில்லை, பூட்டை உடைத்து வேறு பூட்டு போட்டோம். சேதி வந்தால் கொம்பு கத்தும். சேதி இல்லாத நேரத்தில் களத்துக்குப் பாட்டு கேட்கும். ஆனால் அந்தக் கித்தார் பாட்டு வந்தால், முதல் சரணம் முடிந்ததும் நான் ரேடியோவை அணைத்துவிடுகிறேன். தேசம்மா அத்தை கூட ஏன் என்று கேட்பதில்லை.

உனக்கு ஒரு வாக்கு. அவர் வாயைத் திறக்கும் வரை அந்த இரண்டாவது சரணத்தை நானும் பாட மாட்டேன், இந்தக் குப்பத்தில் யாரையும் பாட விட மாட்டேன். அவர் செத்தால் பாட்டை அவர் மகன் வாசலில் நிறுத்துவேன். எனக்கு வயது இருக்கிறது, தொண்டையும் இருக்கிறது.

தலைவரே, பத்திரிகையை மகன் கையிலிருந்து வாங்கிப் படித்துக்கொண்டிருப்பீர்கள். கை கழுவிவிட்டு ஆள் அனுப்புகிறேன் என்றீர்கள். வருஷம் ஒன்று ஆகிவிட்டது. சாப்பிட்டு முடித்தாயிற்றா? அப்படியானால் அனுப்புங்கள், அவன் கையில் அந்தக் குமிழைக் கொடுத்து.

உன் பெயருக்கு அடுத்த பெயராகச் சிலோனில் படிக்கப்பட்ட,
உன் கூடப்பிறந்த அஞ்சலை