நாற்பதுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள அக்கா மகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே நலம். அங்கே நலமில்லை என்று தெரியும்.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். குழந்தைப்பேறு சிகிச்சை அரசாங்கச் செலவில், ஆனால் நாற்பது முடியாத பெண்களுக்கு மட்டும் என்று பேப்பரில் வந்த அன்றே உன் அத்தையிடம், "இது நம்ம புள்ளைக்கு இடிக்கும்" என்றேன். இடித்துவிட்டது. நாலு வருஷம் வரிசையில் நிற்க வைத்து, முறை வந்ததும் வயது இரண்டு மாதம் தாண்டிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றே வரி எழுதியிருந்தாய். "தனியாரில் பார்க்க வழியில்லை மாமா, விட்டுவிட்டோம்" என்ற வரியை அத்தைக்கு நான் படித்துக் காட்டவில்லை.

சும்மா இருப்பேனா? மறுநாளே இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன். வண்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு ஒருவர், காய்ச்சல் மாத்திரைக்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, பிள்ளை பெறவும் அரசாங்கமா செலவழிக்கும் என்றார். "வண்டியச் சாய்ச்சது நீங்க. கட்டு சும்மா போடுறாங்க. அவ எதைச் சாய்ச்சா?" என்று கேட்டேன். ஐம்பது பேர் கைதட்டினார்கள். சரி, ஐந்து பேர்.

ஆனால் பதிவேட்டு அறை அம்மாள் விடவில்லை. "நீங்க பஸ் ஓட்டுனவர்தானே? நிக்கிற எல்லாரையும் ஏத்துனா வண்டி மேட்டுல ஏறுமா? எங்கயாவது ஒரு கோடு போடணுமில்ல?" சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். நானா என்று கேட்பாய். நானேதான். கோடு வேண்டும், சரி. ஆனால் நீ கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாய், தாயே.

நான் போனது சண்டைக்கு இல்லை. நீ பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். முத்திரை போட்ட பிறப்புப் பதிவு நகல் இதோடு இருக்கிறது. வருஷத்தைப் பார்.

உன் அம்மா போனபோது அத்தை இன்னும் இந்த வீட்டுக்கு வரவில்லை. உன்னை என் இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்துத்தான் பஸ் ஓட்டினேன். மேலதிகாரி கண்ணில் பட்டுவிட்டது. பள்ளிக்கூடத்திலோ ஐந்து முடிந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் நீ ஒரே மூச்சில் சொல்லி இடம் பிடித்தாய் என்று உன் கல்யாணத்தில்கூட அளந்தேனே, உண்மையில் பள்ளியில் சேர்க்கப் போன அன்று நீ வாயே திறக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

பதினைந்தாம் தேதிக்குள் மேல்முறையீடு செய். உனக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. என் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள், நகலை நம்புவார்கள். பொய் சொன்னவன் எங்கே என்று கேட்டால் கூப்பிடு, வந்து நிற்கிறேன். இதை நாலு வருஷம் முன்பே எடுத்துக் கொடுத்திருக்கலாம். பயந்துவிட்டேன். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், முதலில் விண்ணப்பத்தைப் போடு. நீயும் மாப்பிள்ளையும் மூன்று பேராக வந்து என்னைத் திட்ட வேண்டும்.

முன்பே தெரியும் என்றேனே, எப்படித் தெரியாமல் போகும்? உன் காகிதம் எல்லாவற்றிலும் இருக்கும் பிறந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் உன் வயதை ஒன்று கூட்ட நான் சொன்ன பொய்யம்மா.

உன் தாய்மாமன்