ராணிக்கு ஓய்வு நாள்

புதன், இரவு

மாலையில் பாலாற்றங்கரையில் என் குதிரை ராணி, முதுகு குலுங்காத ரேவால் நடையில் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் கல்யாண பேண்டு சத்தம் கேட்டதும் நின்று, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியது. பிடரியைப் பிடித்துத் தப்பித்தேன்.

"இதுக்கு ஆட யார் கத்துக்கொடுத்தது?" என்று பயிற்சியாளர் தேவராஜிடம் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்குமா கத்துத்தரப்போறேன்? அதுக்கும் ஒரு குஷி இருக்காதா?" என்று சிரித்தார்.

ராணி அவர் கொட்டகையில்தான் நிற்கிறது. ஆட்டம் பழகினால் ரேவால் நடை கெட்டுவிடும் என்று முதலில் எச்சரித்தவரும் அவர்தான்.

சற்றுமுன் போன் செய்தார். "நாளைக்கு வராதீங்கமா. ராணி ரெஸ்ட் எடுத்துக்கினு இருக்கட்டும்."

காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நாளை மாலை ஊரெல்லாம் மாப்பிள்ளை அழைப்பு இருக்கும்; பேண்டுக்கு ஆடும் குதிரைக்கு நல்ல வாடகை கிடைக்கும்.

அவரிடம் சரி என்றுதான் சொன்னேன். ஆனாலும் நாளை மாலை கொட்டகைக்குப் போவேன்.