தன் ஆளைப் பிடிக்காதவர்கள்

நேற்று காலை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கும் இடத்துக்காக இரண்டு பேர் கைகலந்தார்கள். விலக்கப் போனவன் ஒருவனுடைய கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்; மற்றவன் நிதானமாக அடித்தான். உன் ஞாபகம்தான் வந்தது.

விலக்கப் போகிறவனுக்கு நாம் கபடி ஆடிய காலத்தில் நீ ஒரு சட்டம் சொன்னாய். கயத்தாறு ஆட்டத்தில் அடிதடி வந்தபோது எதிர் அணிக்காரனை நான் கட்டிப் பிடித்தேன். நம் ஆட்கள் அவன் மூக்கை உடைத்துவிட்டார்கள். "ஏலே, விலக்கப் போறவன் தன் ஆளைத்தான் பிடிக்கணும். எதிராளியைப் பிடிச்சா நீயும் சேந்து அடிக்கேன்னுதான் அர்த்தம்" என்று எல்லோர் முன்னாலும் ஏசினாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் நீ சொன்னதுதான் சரி.

பிறகு சூடானுக்கு ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போனாய். அங்கே ராணுவமும் துணைப்படையும் ஒன்றையொன்று சுட ஆரம்பித்ததும், ஊருக்கு வந்துவிடு என்று போனில் கெஞ்சினேன். "ஜெனரேட்டர் நின்னா குறைமாசப் பிள்ளைய வச்சிருக்க பெட்டியும் நின்னுரும்ல. ரெண்டு பேருக்கும் குண்டு தீரப் போவுது. ஒரு வாரத்துல வாரேன்" என்றாய்.

குண்டு தீரவில்லை. தீர விடவில்லை. இந்தப் பக்கத்துக்கு ஒரு நாடு அனுப்பியது. இந்தப் பக்கம் ஜெயித்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கத்துக்கு இன்னொரு நாடு அனுப்பியது. களைத்து விழ வேண்டிய இருவரையும் தூக்கித் தூக்கி நிறுத்தினார்கள். நாளைக்கு இன்னொரு விமானத்தில் ஆயுதம் வரும் என்று தெரிந்தவன் எதற்குப் பேச்சுவார்த்தைக்கு வருவான்? சமாதானம் பேசவும் ஆயுதம் கொடுத்த இந்த நாட்டுக்காரர்களேதான் வந்து உட்கார்ந்தார்கள். எதிராளி நிறுத்தட்டும் என்றார்களே தவிர, தன் ஆளைப் பிடிக்க ஒருவருக்கும் மனசில்லை. செத்தது அவர்கள் வீட்டுப் பிள்ளையா என்ன? டிவியில் இதற்கு உள்நாட்டுப் போர் என்று பேர். கேட்கும்போதெல்லாம் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

நீ சொன்ன வாரம் போய் ஏழாவது மாதம், ஜெனரேட்டர் அறை மேல் குண்டு விழுந்தது. உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். செய்தி சொல்ல இடைசெவலில் உன் வீட்டுக்கு நான்தான் போனேன். உன் மனைவி கேட்டாள்:

"எந்தப் பக்கத்துக் குண்டு அண்ணாச்சி?"

"தெரியலம்மா."

"யாரை ஏசணும்னாவது சொல்லுங்க."

சுட்டவனைச் சொல்வதா, அவனுக்குக் கொடுத்தவனைச் சொல்வதா, அவனுக்குப் போட்டியாகக் கொடுத்தவனைச் சொல்வதா? இப்போதெல்லாம் அவள் என்னைத்தான் ஏசுகிறாள், இழுத்துக் கூட்டி வந்திருக்கலாமே என்று.