கையில் ஒட்டிய பெயின்ட்

அன்புள்ள மகனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் கட்டிலில் விரித்திருந்த புது விரிப்பை எடுத்து உதறி, மடித்து அலமாரியில் வைத்தேன். யாரும் படுக்காமலே அதில் தூசி படிந்திருந்தது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் அப்படியே என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ வழக்கம்போல அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய்.

அப்பாவுக்கு ஹெர்னியா வீக்கம் பெரிதாகிவிட்டது. பணிமனையில் லாரி டயர் கழற்றி மாட்டுவதை இன்னும் விடவில்லை, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறார், மாலையில் வந்ததும் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையால் செருப்பைக் கழற்றுகிறார். டாக்டர் இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார், இரண்டு முறையும் இவர் தள்ளிப்போட்டார். கேட்டால் பையன் வரட்டும் என்கிறார். அவருக்குப் பயம், அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று மட்டும் சொல்வார். போன தடவை டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது. குடல் சிக்கிக்கிட்டா ராத்திரி பகல் பாக்காம தூக்கிட்டு ஓடி வரணும், உங்க பையன் வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காது என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் தள்ளிப்போட்டது போல. அப்பா சிரித்துக்கொண்டே, வர ட்ரை பண்றேன்னு சொல்லியிருக்கான் சார், வந்துருவான் என்றார். அந்த விரிப்பும் அவர் வாங்கி வந்ததுதான், உனக்கு நீலம் பிடிக்கும் என்று கடைக்காரரிடம் பேசிப் பேசி எடுத்தாராம்.

நேற்று மாலை என் வகுப்பில் நீ சொல்லும் அந்த ட்ரை என்ற சொல்லைத்தான் நடத்தினேன். வேண்டுமென்று எடுக்கவில்லை, பாட வரிசையில் வந்தது. மருந்துக்கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு உனக்குத் தெரியும், வேலை முடிந்து வருகிறவர்கள், பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். ட்ரை என்றால் என்ன என்று கேட்டேன். பியூட்டி பார்லரில் வேலை செய்யும் பெண், முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வராதப்ப சொல்றது டீச்சர் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நம் வீட்டு விஷயம் இவளுக்கு யார் சொன்னது என்று ஒரு நிமிடம் அவளையே பார்த்தேன்.

அந்த அறையில் பெயின்ட் அடித்த நாளிலிருந்து திறக்காத ஜன்னல் ஒன்று இருக்கிறது. இந்தச் சொல் வரும்போதெல்லாம் ஒவ்வொருவரையும் எழுப்பி அதைத் தள்ளச் சொல்வேன். தள்ளும்போது ஐ ஆம் ட்ரையிங் என்று சொல்ல வேண்டும், திரும்பி வந்து ஐ ட்ரைட் என்று சொல்ல வேண்டும், கை வைக்காதவர் சொல்லக் கூடாது. டாக்ஸி ஓட்டுகிறவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, மனசால தள்ளிக்கிட்டுதான் டீச்சர் இருக்கேன் என்றார். அதுக்குப் பேரு ட்ரை இல்லண்ணே, டிமிக்கி என்றாள் அந்தப் பெண். பாவம், அவரும் எழுந்து போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஜன்னல் அசையவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த பெயின்ட் துகளைக் காட்டி ஐ ட்ரைட் என்றார், சரி என்றேன். அவ்வளவுதான் அந்தச் சொல். ஜன்னல் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கையில் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டும்.

உன் கையில் என்ன ஒட்டியிருக்கிறது? லீவு கேட்டாயா, டிக்கெட்டாவது பார்த்தாயா என்றால், அம்மா, எங்கிட்டயும் வாத்தியார் வேலையைக் காட்டாதே என்கிறாய். முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு வருத்தம் இருக்காது என்று சொல்லமாட்டேன், இருக்கும். ஆனால் அப்பா ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். நீ அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாய், மாதக்கணக்கில் அவரை டயர் தூக்க வைத்திருக்கிறாய்.

உன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், துருப்பிடித்துக் கிடந்தது. வெறும் வயிற்றில் காபி குடிப்பதைக் குறைத்துக்கொள். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ வாழ வேண்டும், இந்தக் கோபத்திலும் அதில் எனக்கு மாற்றமில்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன், யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் புதன்கிழமைக்கு நாள் வாங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். அன்று அப்பா சாப்பிட்டு முடித்ததும், உன்னிடம் பேசினேன், வரமுடியாது என்று நீ தெளிவாகச் சொல்லிவிட்டாய் என்று சொல்லப் போகிறேன். நீ சொல்லாததை உனக்காக நான் சொல்கிறேன். நம்பாமல் அவர் உனக்குப் போன் செய்வார். மறந்துவிடாதே, ஆமாம்ப்பா, முடியாது என்று சொல். தயவுசெய்து வேறு எதுவும் சொல்லாதே.

இப்படிக்கு,
அம்மா