என் புருவத்தைக் கத்தரித்தவனுக்கு

இன்று காலை வலது புருவத்து முடி கண்ணில் குத்தியது. உடனே நீ நினைவில் வந்து நின்றாய். எழுத்து எனக்கு இன்றுவரை வசப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அறுபத்திரண்டாம் வருஷமோ அறுபத்து மூன்றோ இருக்கும். குஷ்டம் மாத்திரையில் தீர்ந்துவிட்டது. முகம் மட்டும் அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. டாக்டர் இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து, உட்கார்ந்துபோன மூக்கை நிமிர்த்தினார். காதுக்கு மேலிருந்து முடியோடு தோலை எடுத்து, உதிர்ந்துபோன புருவத்தின் இடத்தில் வைத்தார். "தலைமுடிதான்பா. வளந்துட்டே இருக்கும், கத்தரிச்சுக்கணும்" என்றார். அந்த முகத்தை நம்பித்தான் அடுகோடியில் அறை எடுத்தேன், மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய நோய் தெரிந்தால் இரண்டும் போய்விடும்.

மரத்துப்போன விரல்களால் கண்ணருகே கத்தரி பிடிக்க முடியாது. சலூனுக்குப் போனால் தழும்பு தெரியும். இரண்டு மாதம் வளர விட்டேன். கடைசியில் மரக்கடை மேஸ்திரி, "இன்னாடா, கண்ணு மேல மீச வெச்சிருக்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை உன் சலூனுக்கு இழுத்து வந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள்.

நீ சீப்பால் முடியை ஒதுக்கினாய். தையல் தழும்பு. உன் கத்தரி நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாய்.

"இன்னாப்பா, தூங்கிட்டியா?" என்றார் மேஸ்திரி பெஞ்சிலிருந்து.

"சும்மா இருங்க மேஸ்திரி. எங்க மாமனுக்கும் இப்படித்தான் வளரும். கண்ணாண்ட கத்தரி போவுது, பேச்சுக் குடுக்காதீங்க."

வெட்டி முடித்தாய். துண்டை எடுக்காமல், உன் உள்ளங்கையாலேயே என் முகத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டாய். நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரும் என் முகத்தைத் தொட்டதில்லை.

வாசலில் உன்னிடம் மெல்லச் சொன்னேன்: "இனிமே ஆளுங்க வரதுக்கு முன்னாலயே வந்துடறேன்."

"வேணாண்ணா. ஞாயித்துக்கெழம வா, கூட்டத்துல வா. நான் உன்னத் தொடறத நாலு பேரு பாக்கட்டும்."

நீ இருந்தவரை அப்படியே வந்தேன். அந்த அறை நிலைத்தது, வேலை நிலைத்தது, கல்யாணமும் ஆயிற்று. ஒருமுறை உன் மாமனை விசாரித்தேன். "எனக்கு ஏதுண்ணா மாமன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

இப்போது ஈஜிபுராவில் வேறு சலூன். ஞாயிற்றுக்கிழமைதான் போகிறேன். ஆள் குறைவாக இருந்தால், பெஞ்சு நிறையும்வரை வெளியே நிற்கிறேன்.